அடுத்த வீட்டுப் பாட்டியின் அலமாரி

ஒரு சாமான் குப்பையா பொக்கிஷமா என்பதை அதன் வயது தீர்மானிப்பதில்லை. அது யார் வீட்டுப் பழசு என்பதுதான் தீர்மானிக்கிறது. நம் பாட்டி புழங்கிய அலமாரி நம் வீட்டில் நிற்கும்வரை இடத்தை அடைக்கும் சனியன், கரப்பான் பூச்சிக்குக் குடியிருப்பு. அதே அலமாரி ஒரு தவுக்கேயின் கடைக்குள் போய், அரை இருட்டில், தலைக்கு மேல் ஒரு மஞ்சள் விளக்கோடு நின்றுவிட்டால் விண்டேஜ் ஆகிவிடும். அங்கே கரப்பான் பூச்சிகூடப் பழமைக்குச் சான்றிதழ்.

இந்தச் சித்தாந்தத்தை எனக்கு விளங்கவைத்தவள் என் மகள். சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாள். அங்கே அவள் வாடகைக்கு இருக்கும் அறையில் கட்டிலைச் சுற்றி நடக்க இடம் கிடையாது; வாசலில் இருந்தே குதித்துப் படுக்க வேண்டும். அதனால் அவளுடைய அலங்கார ஆசை முழுவதும் மலாக்காவின் தெங்கேராவில் இருக்கும் எங்கள் வீட்டு அறையின்மேல் திரும்பிவிட்டது. "மா, என் ரூமைக் காட்டேஜ் ஸ்டைலா மாத்தப் போறேன்" என்றாள். காட்டேஜ் என்றால் கேமரன் மலையில் வாடகைக்கு விடுவார்களே, அதுதான் எனக்குத் தெரியும். கொஞ்சம் ஸ்ட்ராபெரி, கொஞ்சம் குளிர், நிறைய வாடகை. அதைத் தெங்கேராவுக்கு எப்படிக் கொண்டுவருவது என்று கேட்டேன். "சும்மா லா மா, ஃபீலிங்தான் முக்கியம்" என்றாள்.

ஃபீலிங் என்னவென்று காட்டத் தன் கைப்பேசியைப் பாட்டியிடம், அதாவது என் அம்மாவிடம், நீட்டினாள். அம்மா ஜாசின் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் சீவி எங்களை வளர்த்தவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு படமாகப் பார்த்தார்.

வெள்ளை பெயின்ட் அடித்த இரும்புக் கட்டில். "இது தோட்டத்து ஆஸ்பத்திரிக் கட்டில்."

நீல விளிம்பு வைத்த எனாமல் மங்கு, அதில் காய்ந்த பூ. "மங்கு ஓட்டையா? குடிக்கிற மங்குல ஏன் பூவ வச்சிருக்கா?"

சுவரில் அரிக்கேன் விளக்கு. "கரண்டு வெட்டிட்டாங்களா?"

கட்டிலுக்குப் பக்கத்தில் மேசைக்குப் பதிலாகக் கள்ளிப்பெட்டி. பெயின்ட் உரிந்த அலமாரி. ஒட்டுப்போட்ட போர்வை. அம்மா கண்ணாடியைக் கழற்றி, கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்து, மிகுந்த வருத்தத்தோடு கேட்டார்: "யாருடி இந்தப் பொண்ணு? புருஷன் சரியில்லையா?"

அந்தப் பெண் லட்சக்கணக்கானோர் பின்தொடரும் வெள்ளைக்காரி என்றும், இதெல்லாம் அவள் காசு கொடுத்து வாங்கியது என்றும் மகள் விளக்கினாள். அம்மா நம்பவில்லை. காசு இருப்பவள் ஏன் லயத்து வீட்டில் இருக்கிறாள் என்ற கேள்விக்கு எங்கள் இருவரிடமும் பதில் இல்லை.

பதில் பிரான்ஸில் இருக்கிறது. பணக்காரர்களுக்கு ஏழை வீட்டு ஆசை வருவது இன்று நேற்றல்ல. 1780களில் மகாராணி மரி அந்துவானெத்துக்கு வெர்சாய் அரண்மனை சலித்துப்போய், தோட்டத்து ஓரத்தில் தனக்கென்று ஒரு கிராமத்தையே கட்டிக்கொண்டார். கூரை வீடுகள், பால்பண்ணை, ஆடு மாடு எல்லாம் இருந்தன. புது வீடுகள் புதிதாகத் தெரிந்தால் நன்றாக இருக்காதே என்று சுவரில் விரிசல்களைப் பெயின்டால் வரையச் சொன்னார்கள். நிஜ விரிசலோடு வாழ்ந்த நிஜக் கிராமத்தார் சில வருடங்களில் புரட்சி செய்து, 1793இல் ராணியின் தலையையே எடுத்துவிட்டார்கள். அலங்காரத்துக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லைதான். இருந்தாலும் மகளிடம் சொல்லிவைத்தேன்.

நம் காலத்தில் இந்த ஆசைக்குக் கடை வைத்தவர் ரேச்சல் ஆஷ்வெல் என்ற ஆங்கிலேயப் பெண்மணி. 1989இல் கலிபோர்னியாவின் சான்டா மோனிகாவில் 'ஷாபி ஷிக்' என்ற பெயரில் தொடங்கினார். பெயின்ட் உரிந்த மேசை, தொளதொள உறை போட்ட சோபா, வெளுத்த பூப்போட்ட துணி ஆகியவைதான் சரக்கு. அமெரிக்கர்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள்.

அதே ஆண்டுகளில்தான் நான் கல்யாணமாகித் தெங்கேராவுக்கு வந்தேன். கையோடு தவணைக்கு ஒரு பெட்ரூம் செட் எடுத்தோம். பளபளக்கும் பிளைவுட், ஆளுயரக் கண்ணாடி பதித்த நாலு கதவு அலமாரி, தலைமாட்டில் விளக்கு, ரேடியோ வைக்க ஒரு மாடம், கைப்பிடிகளில் தங்க நிறம். கடைசித் தவணை கட்டிய அன்று அந்தக் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டபோது எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது. உலகமே பெயின்ட் உரிந்த மேசைக்கு அலைந்த காலத்தில் நான் பெயின்ட் உரியாத மேசைக்கு அலைந்திருக்கிறேன். இன்றும் அந்த செட் கெட்டியாக நிற்கிறது. மகள் அதைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே! பாட்டி வைத்திருந்ததெல்லாம் அழகாம். அம்மா வாங்கியதெல்லாம் 'ஓ, அதுவா'வாம். இன்னும் ஓர் இருபது வருடம் பொறுத்தால் என் தங்கக் கைப்பிடிக்கும் மவுசு வரும். யாருக்கும் கொடுப்பதாக இல்லை.

மலாக்காக்காரர்களுக்கு இந்தத் தர்க்கம் புரியாமல் போகாது. 1807இல் ஆங்கிலேயர்கள் இங்கிருந்த போர்த்துகீசியக் கோட்டையை, வைத்திருந்தால் தொல்லை என்று இடிக்கத் தொடங்கினார்கள். வெடிமருந்து வைத்துத் தகர்த்ததுபோக ஒரே ஒரு வாசல் தப்பியது. இன்று உலகமே வந்து அந்த வாசலின்முன் நின்று படம் எடுக்கிறது. 1824இல் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் உட்கார்ந்து பேசி, சுமத்ராவில் இருந்த பெங்கூலனைக் கொடுத்து மலாக்காவை மாற்றிக்கொண்டார்கள். ஊரே பழைய சாமானாகக் கைமாறிய ஊர் இது. நாம் ஒரு கட்டிலைக் கைமாற்றியதைப் பெரிதுபடுத்தக் கூடாது.

ஆம், எங்களிடமும் ஓர் இரும்புக் கட்டில் இருந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியை மூடியபோது அப்பா வாங்கியது. தலைமாட்டிலும் கால்மாட்டிலும் பித்தளைக் குமிழ்கள், கொசுவலை கட்ட நாலு கம்பிகள். தோட்டத்து வீட்டைக் காலி செய்து வந்தபோது அதுவும் கூடவே வந்தது. பிறகு என் பெட்ரூம் செட் வந்தது. கட்டில் பின்கட்டுக்குப் போனது. ஒருநாள் "சூராட் கபார் லாமா, சூராட் கபார் லாமா" என்று ஒலிபெருக்கியில் பாடிக்கொண்டு பழைய பேப்பர் லோரி தெருவுக்குள் வந்தது. அம்மா கைதட்டி நிறுத்தினார். லோரிக்காரர் பத்து வெள்ளி சொன்னார். அம்மா பேசிப் பேசிப் பதினைந்துக்கு ஏற்றினார். அந்த ஐந்து வெள்ளி வெற்றியை இன்றுவரை தீபாவளிக்குத் தீபாவளி சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மகள் இதைக் கேட்டதும் தலையில் கை வைத்தாள். "பதினைஞ்சு வெள்ளியா?" ஆறுதலுக்கு நான் எங்கள் வட்டாரத்தின் பெரிய உதாரணத்தை எடுத்துச் சொன்னேன். தெங்கேரா பள்ளிவாசல் 1728இல் கட்டியது என்பார்கள். அதன் வளாகத்தில் ஜொகூர் சுல்தான் உசேன் ஷா அடக்கமாகியிருக்கிறார். 1819இல் சிங்கப்பூரில் கடை போட்டுக்கொள்ள ராஃபிள்ஸுக்கு அனுமதி கொடுத்துக் கையெழுத்திட்டவர் அவர். அதற்கு ஆண்டுக்கு 5,000 ஸ்பானிய வெள்ளி என்று பேச்சு. அவரோடு ஒப்பிட்டால் உன் பாட்டி மோசம் போகவில்லை என்றேன். அந்த சிங்கப்பூரில்தான் தான் ஓர் அறைக்கு மாதாமாதம் எவ்வளவு கட்டுகிறேன் என்பதை மகள் சொன்னாள். சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

போன கட்டிலுக்குப் பதில் இன்னொன்று தேடி ஜோங்கர் ஸ்ட்ரீட் பக்கம் புறப்பட்டோம். ஜாலான் ஹாங் ஜெபாட் என்று பலகையில் எழுதியிருந்தாலும் ஊர் வாயில் ஜோங்கர்தான். ஒரு காலத்தில் இரண்டு பக்கமும் பழம்பொருள் கடைகள். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை 1997இல் நீக்கி, 2000 பிறந்ததும் வாடகை தன்னிஷ்டத்துக்கு ஏறியபோது, தலைமுறையாகக் குடியிருந்தவர்கள் பலர் கிளம்பினார்கள். 2008இல் யுனெஸ்கோ மலாக்காவையும் ஜார்ஜ் டவுனையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பாரம்பரியம் என்று முத்திரை விழுந்ததும் அதைப் பார்க்க வருகிறவர்களுக்குப் பசிக்குமே! பழைய அலமாரி விற்ற இடங்களில் இப்போது செண்டோலும் சிக்கன் ரைஸ் பாலும் விற்கிறார்கள். மிச்சமிருக்கும் கடைகளில் ஒன்றுக்குள் நுழைந்தோம்.

முதலில் கண்ணில் பட்டவை பாபா வீட்டுச் சாமான்கள். கருமரத்தில் முத்துச்சிப்பி பதித்த நாற்காலி, பளிங்கு வட்டம் வைத்த முதுகு, உட்கார்ந்தால் நிமிர்ந்தே ஆக வேண்டிய கம்பீரம். எனக்குப் பிடித்துவிட்டது. மகள் உதட்டைப் பிதுக்கினாள். "டூ ரிச், மா." காட்டேஜ் அலங்காரத்துக்கு ஏழை வீட்டுச் சாமான்தான் வேண்டும், ஆனால் பணக்கார விலை கொடுக்க வேண்டும். இதைப் புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. தவுக்கேவுக்கு முன்பே புரிந்திருந்தது.

அவர் எங்களைக் கோப்பிக்கடை நாற்காலிகள் பக்கம் அழைத்துப்போனார். வட்டமான மர இருக்கை, வளைத்த மரச்சட்ட முதுகு, நாம் எல்லோரும் பாலில்லாக் கோப்பி குடித்தபடி ஆட்டிப் பார்த்த அதே நாற்காலி. இதன் மூதாதை வியன்னாக்காரர். மிகாயேல் தோனெட் என்பவர் நீராவியில் மரத்தை வளைத்து 1859இல் செய்த 14ஆம் எண் நாற்காலிதான் அது. ஆறு மரத்துண்டு, பத்துத் திருகாணி, இரண்டு நட்டு, அவ்வளவே உடம்பு. பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர்ப் பெட்டிக்குள் 36 நாற்காலி அடங்கும். அதனால் கப்பலேறி உலகமெல்லாம் போனது. வாடிக்கையாளரே பூட்டிக்கொள்ளும் நாற்காலியை ஐரோப்பியர்கள் அன்றே கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரு திருகாணி குறையும் வழக்கமும் அன்றே தொடங்கியிருக்கும்.

"இதுல ஒரு கால் ஆடுதே" என்றேன்.

"ஒரிஜினல் ஆட்டம்" என்றார் தவுக்கே. நன்றாகத் தமிழ் பேசினார். கீறல் ஒரிஜினல். சிகரெட் சுட்ட தழும்பு ஒரிஜினல். இருக்கைக்கு அடியில் ஒட்டியிருந்த சூயிங்கம்மை நான் காட்டியபோதும் அவர் முகம் மாறவில்லை. எண்பதுகளைச் சேர்ந்தது என்று காலம் கணித்தார்.

கடையின் உள்ளே ஒரு மூலையில் இரும்புக் கட்டில் ஒன்று சாய்ந்திருந்தது. விலை 1,800 வெள்ளி. அம்மா அதன் அருகே போய் நின்றார். குனிந்து பார்த்தார். கால்மாட்டுக் கம்பியைத் தடவினார். அப்புறம் என்னைப் பக்கத்தில் இழுத்துக் காதோடு சொன்னார்: "நம்ம கட்டில்ல வலது பக்கத்துக் குமிழ் ஒண்ணு காணாமப் போச்சே, ஞாபகம் இருக்கா? நீதான் பம்பரம்னு உருட்டித் தொலைச்ச. இதுலயும் அதே பக்கந்தான் இல்ல."

கட்டில் எங்கிருந்து வந்தது என்று கேட்டோம். ஒரு பழைய டச்சுக் குடும்பத்து மாளிகையிலிருந்து என்றார் தவுக்கே. டச்சுப் பிரபு எவரோ அதில் படுத்திருந்தாராம். அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "பிரபு இல்ல. வயித்துக்கடுப்பு வந்தவங்க." தோட்டத்து ஆஸ்பத்திரியில் அந்த ரகக் கட்டிலில் யார் யார் என்னென்ன நோயோடு கிடந்தார்கள் என்று அம்மா சத்தமாகப் பட்டியல் போடத் தொடங்கியதும், கடையில் இருந்த ஜப்பானியத் தம்பதி பக்கத்துக் கட்டிலிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்கள். தவுக்கே விலையை 1,500 ஆக்கினார். அம்மா பதினைந்தில் நின்றார். இரண்டுக்கும் இடையில் இரண்டு பூஜ்ஜியம் மட்டுமே வித்தியாசம் என்றாலும் பேரம் படியவில்லை.

கட்டிலை விட்டுவிட்டு மகள் அந்த ஆடுகிற நாற்காலியோடு வேறு இரண்டு சாமான்கள் வாங்கினாள். ஒன்று, கம்பிவலை அடித்த சாப்பாட்டு அலமாரி. ஃபிரிட்ஜ் வருவதற்கு முன் மீந்த குழம்பும் கருவாட்டுப் பொரியலும் குடியிருந்த இடம். எறும்பு ஏறாமல் இருக்க நாலு காலுக்கும் தண்ணீர்க் கிண்ணம் வைப்பார்கள். கிண்ணங்களோடுதான் அழகு என்று மகள் படுக்கையறையில் தண்ணீர் ஊற்றி வைத்தாள். ஏடிஸ் கொசுவுக்கு வாடகையில்லாத காட்டேஜ் கட்டித் தருகிறாயா என்று என் வீட்டுக்காரர் கேட்டபிறகு கிண்ணத்தில் மணல் போட்டோம். அலமாரிக்குள் இப்போது ஆங்கில நாவல்கள் இருக்கின்றன. மழைநாளில் கதவைத் திறந்தால் இன்னும் கருவாட்டு மணம் வருகிறது. இரண்டாவது சாமானைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதற்குத் தனி மரியாதை உண்டு.

துணி அலமாரி எங்கும் பொருத்தமாகக் கிடைக்கவில்லை. எங்களுக்குத் தெரிந்த ஆசாரி ஒருவரிடம் புதிதாகச் செய்யச் சொன்னோம். அருமையாகச் செய்து கொண்டுவந்தார். மூலைகள் கச்சிதம், இழைப்பு வழவழப்பு. மகள் பார்த்து மகிழ்ந்து, "இப்ப இதைப் பழசாக்கணும் அங்கிள்" என்றாள். முதலில் அடர்நிறப் பெயின்ட், காய்ந்ததும் ஓரங்களில் மெழுகுவத்தித் தேய்ப்பு, அதன்மேல் வெள்ளைப் பெயின்ட், பிறகு உப்புத்தாள் போட்டால் மெழுகு தடவிய இடத்தில் வெள்ளை உரிந்து அடிநிறம் எட்டிப்பார்க்கும். அதோடு விட்டாளா? இரும்புச் சங்கிலியால் இங்கொன்றும் அங்கொன்றுமாக அடிக்க வேண்டும் என்றாள். ஆசாரி சங்கிலியைக் கையில் வாங்கிக்கொண்டு வெகுநேரம் நின்றார். நாற்பது வருடமாக எது நடந்துவிடக் கூடாது என்று பயந்து தொழில் செய்தாரோ, அதைத் தன் கையாலேயே செய்தார். கூலி வாங்கும்போது ஒரு வேண்டுகோள் வைத்தார்: "நான் செஞ்சதுன்னு மட்டும் யாருகிட்டயும் சொல்லிடாதீங்கம்மா."

இவ்வளவு சாமானும் வந்து இறங்கியதைப் பக்கத்து வீட்டு அக்கா கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஆடுகிற நாற்காலி, அடிபட்ட அலமாரி, வலைப்பெட்டி. அன்று மாலையே ஒரு பாத்திரம் நிறைய மீ கோரெங்கும் ஒரு பை நிறையப் பழைய திரைச்சீலைகளும் எடுத்துக்கொண்டு வந்தார். உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, தணிந்த குரலில் கேட்டார்: "சேமநிதிப் பணத்த ஏமாந்துட்டீங்களா? இப்ப நெறையப் பேருக்கு நடக்குது. வெக்கப்படாதீங்க." என் வீட்டுக்காரர் ஓய்வுபெற்று அப்போதுதான் பணம் எடுத்திருந்தார் என்பதால் அவருக்கே ஒரு கணம் திக்கென்றது. நான் விளக்குவதற்குள் மகள் பையைத் திறந்து, வெளுத்துப்போன ரோஜாப்பூத் திரைச்சீலையைப் பார்த்து "ஓ மை காட், பெர்ஃபெக்ட்!" என்று துள்ளினாள். பழைய துணிக்கு இந்தப் பிள்ளை இப்படி ஆனந்தப்படுகிறதே என்று அக்காவின் கண் கலங்கிவிட்டது. மறுநாளும் சோறு அனுப்பினார்.

தலையணை உறையில்தான் பாட்டிக்கும் பேத்திக்கும் நேரடி மோதல். இணையத்தில் வாங்கிய உறை அது. சாக்குநிறத் துணியில், மங்கிய மையில், பிரெஞ்சில் ஏதோ மாவு ஆலையின் பெயர் அச்சடித்திருந்தது. விலையைச் சொல்ல மாட்டேன். அம்மா இதைப் படிக்கக்கூடும். "மாவுச் சாக்குத் தலகாணியா? நம்ம வீட்ல எல்லாத் தலகாணியும் அதானே" என்றார் அம்மா. கோதுமை மாவுச் சாக்கை வெந்நீரில் ஊறவைத்து, சோடாப்பு போட்டு அலசி, எழுத்துப் போகும்வரை கல்லில் அடிப்பார்களாம். அப்படியும் எழுத்து முழுசாகப் போகாது. அமெரிக்காவில் 1930களின் பஞ்சகாலத்திலும் இதே கதைதான். பெண்கள் மாவுச் சாக்கில் துணி தைக்கிறார்கள் என்று தெரிந்ததும், அங்கத்து ஆலைக்காரர்கள் பூப்போட்ட துணியிலேயே சாக்கு தைத்து மாவை விற்றார்கள். நம் மாவுக்காரர்களுக்கு அந்தக் கலைமனம் வாய்க்கவில்லை. எழுத்தைப் போக்க அம்மா பட்ட பாட்டையும், அதே எழுத்துக்காகப் பேத்தி கொடுத்த காசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்குத் தலை சுற்றியது.

அடுத்தது குளிர். காட்டேஜ் அறை என்றால் கம்பளிப் போர்வை, ஒட்டுப்போட்ட மெத்தைவிரிப்பு, பின்னல் துண்டு என்று கட்டில்மேல் அடுக்கு அடுக்காகக் கிடக்க வேண்டும். இங்கிலாந்தில் அதற்கு அர்த்தம் உண்டு. மலாயாவுக்கு வந்த வெள்ளைக்காரர்களும் ஊர் நினைப்பு தாங்காமல், அதற்கேற்ற குளிர் கிடைக்கும் இடம் தேடி மலை ஏறினார்கள். 1885இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் போய்வந்த மேட்டுநிலத்தில், 1930களில் ஸ்மோக் ஹவுஸ் மாதிரியான வீடுகளைக் கணப்படுப்பு, கருமரச் சட்டம், ரோஜாத் தோட்டம் எல்லாம் வைத்துக் கட்டிக்கொண்டார்கள். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம் என்பதால் அங்கே போர்வைக்கு வேலை இருந்தது. தெங்கேராவோ கடலோரம். பகலில் 32 பாகை வெயில், காற்றைப் பிழிந்தால் தண்ணீர் வரும். மகள் ஏர்கோனை 18இல் வைத்துக் கம்பளிக்குள் புகுந்துகொள்கிறாள். அவள் சிங்கப்பூர் திரும்பியதும் கம்பளியில் பூசணம் பூக்கிறது. அதை வெயிலில் காயப்போடுவது என் வேலை. இங்கிலாந்தைப் பராமரிக்க ஓர் ஆள் எப்போதும் இந்தப் பக்கம் தேவைப்பட்டுக்கொண்டே இருக்கிறது.

கட்டில் கடைசியில் பெட்டியில் வந்தது. வெள்ளை நிறம், மரம், தலைமாட்டில் செதுக்கிய சிறு பூ. இணையப் பக்கத்தில் அதன் பின்னணியில் ஆங்கிலேயக் கிராமமும் ஆட்டுக்குட்டியும் இருந்தன. என் வீட்டுக்காரர் திருகாணிகளோடு போராடிப் பூட்டி முடித்தார். அம்மா வந்து சுற்றிப் பார்த்தார். பெயின்ட் அடிக்காத அடிச்சட்டத்தை நகத்தால் கீறினார், கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். "இது பால்மரம்டி" என்றார்.

பெட்டியைத் திருப்பிப் பார்த்தால், செய்த ஊர் மூவார். வண்டியெடுத்தால் ஒரு மணி நேர ஓட்டம். ஆங்கிலேயக் கிராமத்துக் கட்டில் ஜொகூர்க்காரர்!

யோசித்துப் பார்த்தால் இந்த மரத்தின் பயணம் எந்த மகாராணிக்கும் வாய்க்காதது. 1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து ரப்பர் விதைகளை அள்ளிக்கொண்டு லண்டன் கியூ தோட்டத்துக்குப் போனார். மறு வருடம் 22 நாற்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. யாரைப் பார்த்தாலும் ரப்பர் நடச் சொல்லிக்கொண்டிருந்த சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்து ரிட்லியின் பேச்சைக் கேட்டு, 1896இல் இதே மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் தோட்டம் போட்டார். மலாயாவின் வணிக ரப்பர் அங்கே தொடங்கியது. அந்த மரங்களுக்காகத்தான் எங்கள் முன்னோர் நாகப்பட்டினத்தில் கப்பலேறினார்கள். 25, 30 வருடம் பால் கொடுத்து ஓய்ந்த மரத்தை அந்தக் காலத்தில் விறகாக்குவார்கள். ரப்பர் ஷீட்டைப் புகைபோடும் கொட்டகையில் அதே மரம்தான் எரியும். வெட்டியதுமே பூஞ்சையும் வண்டும் பிடிக்கும் மரம் என்பதால் சாமான் செய்ய ஆகாது என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். போரான் மருந்தை அழுத்தி ஏற்றி, சூளையில் உலர்த்தும் வித்தை கைவந்தபிறகு, 1980களில் அது மேசையும் கட்டிலுமாக மேனாட்டுக்குக் கப்பலேறத் தொடங்கியது. வெள்ளைக்காரி வீட்டுக் காட்டேஜ் கட்டில்களில் எத்தனை, எங்கள் அம்மாமார்கள் சீவிய மரமோ?

"படுத்துப் பாருங்க பாட்டி" என்றாள் மகள்.

"வேணாம்டி. காலைல நாலு மணிக்கு எழுந்து வெட்டப் போயிடப் போறேன்."

ஆனாலும் படுத்துப் பார்த்தார். மெத்தை மெல்லிசு என்றார். அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. தொழிலாளர் தங்குமிடத்துக்கு இந்நாட்டில் சட்டம் உண்டு; 1990இல் வந்து 2019இல் திருத்திய சட்டம். அதன்கீழ் வந்த விதிப்படி, முதலாளி ஒவ்வொரு தொழிலாளிக்கும் தலையணை, போர்வை, பூட்டு வைத்த அலமாரி, 4 அங்குலத்துக்குக் குறையாத மெத்தை ஆகியவற்றைத் தர வேண்டும். மகளின் மெத்தையை அளந்து பார்த்தேன். பழங்காலத் தோற்றத்துக்காக வாங்கிய மெல்லிய பஞ்சு மெத்தை, மூன்றரை அங்குலம். அலமாரிக்குப் பூட்டும் இல்லை. துருப்பிடித்த சாவி ஒன்று ரிப்பனில் கட்டி அழகுக்குத் தொங்குகிறது. அந்த அறையில் ஒரு தொழிலாளியைத் தங்கவைத்தால் என்னை அதிகாரிகள் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். மகள் தங்கலாம், தப்பில்லை.

கடைசியாக அந்த இரண்டாவது சாமான். தேக்கில் செய்த சாய்வு நாற்காலி, பிரம்புப் பின்னல், கைப்பிடிக்கு அடியிலிருந்து முன்னால் நீளமாகத் திருப்பிவிடக்கூடிய சட்டங்கள். சட்டத்தை இழுத்துவிட்டு அதன்மேல் காலைத் தூக்கிப் போட்டுக்கொள்ளலாம். தோட்டத்து பங்களா வராந்தாக்களில் இருந்த நாற்காலி. மகள் அதை ஜன்னலோரத்தில் போட்டு, மேலே பின்னல் துண்டு ஒன்றைச் சரியவிட்டு, பக்கத்தில் காய்ந்த லாவண்டர் வைத்தாள். உட்காருவதற்கு அல்ல, படத்துக்கு.

அம்மா அதை முதலில் பார்த்தபோது தொடவில்லை. "துரை நாற்காலி" என்று மட்டும் சொன்னார். சின்ன வயதில் பங்களாவுக்குச் சேதி கொண்டுபோனால் படிக்குக் கீழேயே நிற்க வேண்டுமாம். மேலே துரை இதில் கால் நீட்டிப் படுத்திருப்பாராம். கீழே நிற்பவர்களுக்குத் தெரிவது இரண்டு உள்ளங்கால்கள்தான். "துரை மொகம் எப்படி இருக்கும்னு இன்னிக்கும் சரியாத் தெரியாது. காலைக் காட்டுனா அடையாளம் சொல்லுவேன்."

இரண்டு வாரம் போயிருக்கும். மத்தியானம் அறைக்குள் போனால் லாவண்டர் தரையில் கிடக்கிறது. பின்னல் துண்டு கால்மிதியாகிவிட்டது. அம்மா நாற்காலியில் சாய்ந்து, இரண்டு காலையும் இரண்டு சட்டத்தின்மேல் போட்டு, சேலையை ஒழுங்காக மூடிக்கொண்டு, வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். அன்றிலிருந்து அது அவர் இடம். மூன்று மணிக்கு உட்கார்ந்தால் ஐந்து வரைக்கும் பெரட்டு நடக்கும். கம்பளி காய்ந்ததா? வலைப்பெட்டியைத் துடைத்தாயிற்றா? மாப்பிள்ளை எங்கே, ஏன் இன்னும் வரவில்லை? நாங்கள் கட்டிலோரமாக நின்று பதில் சொல்கிறோம். நிற்கிற இடத்திலிருந்து எங்களுக்கும் உள்ளங்கால்தான் தெரிகிறது.

போன விடுமுறைக்கு வந்த மகள் அறை முழுவதையும் படம் எடுக்க ஆசைப்பட்டாள். விளக்குப் போட்டு, திரைச்சீலையைச் சரிசெய்து, ஆடுகிற நாற்காலிக்கு அட்டை முட்டுக் கொடுத்து, எல்லாம் ஆயத்தம். "பாட்டி, ஒரே நிமிஷம் எழுந்திருங்களேன். ரூமை மட்டும் எடுத்துக்கிறேன்."

அம்மா அசையவில்லை. வெற்றிலையை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார்.

"துரை எழுந்து நின்னு யாருடி பாத்திருக்கா? இருக்கிற மாதிரியே எடு."

எடுத்தாள். தேத்தண்ணி கொண்டுவரத் தாமதமானதால் என் வீட்டுக்காரருக்கு அன்று அரைநாள் சம்பளம் வெட்டு.